நாலு விரல் குறைந்த வாளி

"ஓட்டை" என்று கூப்பிட்டால் அந்தத் தெருவில் ஒரே ஒரு ஆள்தான் திரும்பிப் பார்ப்பார். கோபமாக எல்லாம் இல்லை, "என்னப்பா?" என்று சாதாரணமாகத்தான். வாளி செய்கிறவருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வைக்க எவ்வளவு கொழுப்பு வேண்டும் என்று கேட்டால், வைத்தவர் எதிர்க்கடை முடிவெட்டுகிறவர். மீசை அரும்பின வயதில் இவர் செய்த முதல் மரவாளி அவர் கடைக்குத்தான் போனது. முடிவெட்டுகிறவர் அதை ஊறவைக்காமல் தண்ணீர் பிடித்துவிட்டார். கடை குளமாகி, பாதி முகம் மழித்த ஒரு பெரிய மனிதர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காய்ஞ்ச மரம் முதல்ல ஒழுகத்தான் செய்யும், தண்ணி குடிச்சு உப்பினாத்தான் இடுக்கு மூடும்" என்று இவர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. விளக்கம் ஒழுகிப் போய்விட்டது. பெயர் மட்டும் தேங்கி நின்றது.

அந்தப் பெயருக்குப் பயந்தே அதற்கப்புறம் அவர் செய்த வாளியெல்லாம் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். கட்டைவிரல் தடிமனுக்குப் பலகை, அதைச் சுற்றி இரும்புப் பட்டை. யானை மிதித்தால் யானைக்குத்தான் கால் சுளுக்கும்.

தெருமுனையில் இருக்கிற பொது வெந்நீர்க் குளியல்கூடத்துக்கு அந்தச் சுவர் பிடித்துப்போயிற்று. அங்கே இரும்பு வாளி வைத்தால் கை வெந்துபோகும். பிளாஸ்டிக் வாளி கொதிநீரில் நெளிந்து, பல்வலிக்காரன் முகம் மாதிரி ஒரு பக்கமாகக் கோணிவிடும். மரம்தான் சுடாது. ஆகவே ஓட்டைக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை, அவருடைய பிரச்சினையே அதுதான். ஒரு வாளியை முடித்துக் கீழே வைப்பதற்குள் அடுத்த வாளிக்கான பலகை "நான் ரெடி" என்று சுவரில் சாய்ந்து நிற்கும். காலையில் எழும்போதே அவர் தோள்பட்டையில் சாயங்காலம் வந்திருக்கும். தூங்கினால் அலுப்புத் தீரும் என்பார்கள். அவருக்குத் தூங்கின அலுப்பும் சேர்ந்துகொள்ளும்.

அவர் மனைவி அதே குளியல்கூடத்தில் பெண்கள் பக்கம் தண்ணீர் சுமப்பவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். பெரிய பேச்சுக்காரி. யார் மருமகள் யாரை முறைத்தாள், எந்த மாமியார் சோப்பை ஒளித்து வைத்தாள், எல்லாம் சாயங்காலமானால் ஓட்டையின் காதுக்கு வந்து சேரும். அவர் "ம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

அந்த அம்மா ஒருநாள் சோப்பு நுரையில் கால் வைத்து, நிறைந்த வாளியோடு விழுந்துவிட்டார். செய்தி வந்ததும் ஓட்டை போட்டது போட்டபடி ஓடினார். அதற்குள் ஆளையும் வாளியையும் வெளிவாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஓடிப்போய் முதலில் தூக்கிப் பார்த்தது வாளியை. அடியைத் திருப்பி, தட்டிப் பார்த்து, "ஒன்னும் ஆகல" என்றார். நிஜமாகவே வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்து தரையில் உட்கார்ந்திருந்த மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதை ஒரு சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார் மனைவி. "இவருக்கு மூத்த சம்சாரம் வாளி, நான் ரெண்டாவது" என்று சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓட்டையும் சிரித்தார். அதற்கப்புறம் இரும்புப் பட்டையை இறக்கி அடிக்கும்போதெல்லாம் கை ஒரு நொடி தயங்கியது. இவ்வளவு கனமாக யாருக்காகச் செய்கிறோம் என்று தோன்றும். தோன்றினாலும் ஆர்டர் நிற்காது. அடிப்பார்.

கட்டுப் பிரித்தபோது கை லேசாகக் கோணலாகச் சேர்ந்திருந்தது. வீட்டில் சமையல், துணி, பாத்திரம் எல்லாம் ஓட்டைதான். மனைவிக்குத் தலைபின்னி விடுவதும் அவர்தான். பட்டை இறுக்கிப் பழகின கை அல்லவா, பின்னலை இறுக்கிக் கட்டினால் அந்த அம்மாவின் புருவம் இரண்டும் மேலே ஏறி, நாள் முழுக்க எதையோ பார்த்து அதிர்ந்த மாதிரி இருக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மனைவியின் பேச்சு நின்றுபோனதுதான் பெரிய இடி. வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது? சுவர் யாரையும் முறைப்பதில்லை, சோப்பையும் ஒளிப்பதில்லை.

குளியல்கூடத்து மேற்பார்வை அம்மா ஒருநாள் வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கூட்டம் தாங்கல. உன் இடத்தை இத்தனை நாள் காலியா வச்சதே பெரிய விஷயம். நாளைக்கழிச்சு மத்தியானம் வா. மூடற வரைக்கும் மத்தவங்க மாதிரி தண்ணி எடு. நடுவழியில வாளியை இறக்கி வைக்கக் கூடாது, பின்னாடி வர்றவ தடுக்கி விழுவா. அது உனக்கே தெரியும். இறக்காம எடுத்தா இடம் உனக்கு. இறக்கினா, என்னைத் தப்பா நெனைக்காதே."

"தப்பா எதுக்குக்கா நெனைக்கிறேன்" என்றார் மனைவி.

அந்தம்மா போனதும் மனைவி வீட்டு வாளியில் பாதித் தண்ணீர் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அதுவும் ஓட்டை செய்ததுதான், கோட்டைச் சுவர் ஜாதி. அடுப்படியிலிருந்து வாசல்படி வரைக்கும் வந்தார். அங்கே இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஒரு கிண்டல், ஒரு திட்டு, எதுவும் இல்லை. ஓட்டையால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆர்டர் வாளிகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, மூலையில் கிடந்த எடையே இல்லாத காய்ந்த பலகைகளை எடுத்தார். வாளியின் சுற்றுச்சுவருக்கு வைக்கும் பலகையை அவர் விலா என்பார். பலகையைக் கவ்விப் பிடிக்கிற மரக்குதிரைமேல் கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் ஒவ்வொரு விலாவையும் வெளிப்புறம் வளைவாகவும் உட்புறம் குழிவாகவும் சீவினார். வழக்கமான தடிமன் வந்ததும் கை தானாக நின்றுவிடும். நிற்காதே என்று கைக்குச் சொல்லிச் சொல்லி இன்னும் சீவினார். பாதித் தடிமன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த விலாவை எடுத்தார்.

அப்புறம் ஓரங்களை இழைக்க வேண்டும். தச்சர் இழைப்புளியைத் தள்ளுவார், மரம் சும்மா கிடக்கும். இவர் பட்டறையில் எல்லாம் தலைகீழ். ஆள் உயரத்துக்கு ஒரு இழைப்புளி மல்லாந்து படுத்திருக்கும், மரம்தான் அதன்மேல் போய்ப் போய் வர வேண்டும். ஓட்டைக்குச் சில நாள் அந்த இழைப்புளியைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும். படுத்துக்கொண்டே சம்பாதிக்கிறது.

ஓரத்தின் சாய்வு சரியாக இருந்தால்தான் விலாக்கள் வட்டமாகச் சேரும். அதற்கு அளவுகோல் கிடையாது, கண்தான். ஒரு பட்டைக்குள் விலாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசி விலா நுழைகிற வரைக்கும் அத்தனையும் குடிகாரர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாயும். கடைசி ஆள் நுழைந்ததும் எல்லாரும் ஒழுங்காக நிற்பார்கள். கொட்டாப்புளியால் பட்டையைத் தட்டி இறுக்கினார். வாய்ப் பக்கம் அகலம், அடி கொஞ்சம் ஒடுக்கம். அடிப்பக்கம் உள்ளே சுற்றிவர ஒரு காடி இழுத்தார். அடிப்பலகை அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும்.

அடிப்பலகைக்கும் அளவுகோல் இல்லை. கவராயத்தின் காலை விரித்து, காடியில் நடக்க விடுவார். ஆறு எட்டில் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தால் அந்த விரிப்புதான் பாதி அகலம். அதை வைத்துப் பலகையில் வட்டம் போட்டு அறுத்தார். அறுத்த வட்டத்தின் இரண்டு பக்கத்தை மட்டும் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சீவினார். மரம் நீளவாக்கில் உப்பாது, குறுக்கே உப்பும். அதற்கு இடம் விடாவிட்டால் தொலைந்தது. ஆகவே ஓட்டையின் வட்டம் எப்போதும் ஒரு மயிரிழை முட்டை வடிவம்தான். உள்ளே போட்டால் லேசாக ஆடும்.

போட்டார், ஆடியது. இனி அடிப்பட்டையை இறுக்கி அடிக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் முதுகைச் சாய்க்கலாம் என்று மரச்சீவல் குவியலில் சாய்ந்தார். அந்த ஒரு நிமிஷம் சாயங்காலம் வரைக்கும் நீண்டது.

நடுவில் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், தச்சர். மேசை, கதவு, கட்டில் எல்லாம் செய்வார். அவர் செய்த மேசையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும், அதைச் செய்து காட்டாமல் மேசையைக் கொடுக்கவும் மாட்டார். வந்தவர் வாளியை எடுத்து ஆட்டினார். அடிப்பலகை லொடலொட என்றது. வெளியே எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"தங்கச்சி, மாப்ளைக்குக் கண்ணு போச்சு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"வட்டம் போடச் சொன்னா முட்டை போட்டு வச்சிருக்கார். பாவம், தூக்கக் கலக்கம். நாளைக்கு நீ இதைத்தானே தூக்கப் போற? அடி கழண்டு கால்ல விழுந்தா அடுத்து காலும் உடையும்."

"எழுப்பாதீங்க. ரெண்டு நாளா மனுஷன் படுக்கவே இல்ல."

"எதுக்கு எழுப்பணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

மச்சான் ஒரு புதுப் பலகையில் வட்டம் போட்டார். என்ன வட்டம்! நிலாகூட வந்து பாடம் படித்துவிட்டுப் போகலாம். காடிக்குள் ஊசி நுழைய இடமில்லாமல் கச்சிதமாக உட்கார வைத்து, அடிப்பட்டையை ஓங்கி அடித்து இறுக்கினார். பக்கத்தில் அவ்வளவு சத்தத்திலும் ஓட்டை அசையவில்லை. "நான் செஞ்சேன்னு சொல்லாதே, வெக்கப்படுவார்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, நல்லது செய்த ஆளின் நடையில் வீட்டுக்குப் போனார்.

ஓட்டை கண் விழித்தபோது வாளி முடிந்திருந்தது. எப்போது முடித்தோம்? தெரியவில்லை. அந்த மாதத்தில் எத்தனையோ வாளிகள் அப்படித்தான், கை பாட்டுக்கு முடித்துவிட்டுப் போயிருக்கிறது. முடித்துவிட்டுத்தான் படுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். ஊறுவதற்காக வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, சாப்பிட்டு மறுபடியும் படுத்தார்.

விடியற்காலையில் பட்டறைத் தரை ஈரமாக இருந்தது. வாளி சிரித்துக்கொண்டிருந்தது. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. காடிக்குக் கீழே இருக்கிற மெல்லிய உதடு மூன்று விலாவில் பெயர்ந்து, விரிசல் மேல்நோக்கி ஏறி, அடிப்பலகை பிதுங்கி எட்டிப் பார்த்தது. ஓட்டை அந்தப் பலகையைப் பிடுங்கித் திருப்பினார். முழு வட்டம். அப்படி ஒரு வட்டத்தை அவர் ஜென்மத்தில் அறுத்ததில்லை.

மனைவி நிலைப்படியில் நின்றிருந்தார். "அண்ணன்" என்று மட்டும் சொன்னார்.

சரியாக அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தார், பாராட்டு வாங்க. "என்ன மாப்ள, வாளி எப்படி?" என்று ஆரம்பித்தவர் தரையைப் பார்த்தார். அப்புறம் வாளியை. அப்புறம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து தாகமா இருந்துச்சு மச்சான். ராத்திரி பூரா குடிச்சிருக்கு."

"வட்டம்னா வட்டமா இருக்கணும் இல்லையா மாப்ள?"

"மேசைக்கு இருக்கணும். மேசை தண்ணி குடிக்காது."

மச்சான் கையைப் பிசைந்தார். "நாலு திட்டுத் திட்டிடுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"திட்டறதுக்குத் தெம்பு வேணும் மச்சான். அப்புறமா வாங்க, திட்டறேன்."

அவர் மரக்குதிரைமேல் உட்கார்ந்தார். மத்தியானம் குளியல்கூடம் திறந்துவிடும். புது விலா சீவ நேரமில்லை, எடையில்லாத பலகையும் தீர்ந்துவிட்டது. பழைய கனத்த வாளி ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைக் கொடுத்து அனுப்பினால் இவள் நாலாவது நடையில் இறக்கி வைப்பாள். இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்ப்பாள். அதற்கப்புறம் எத்தனை வருஷம் அந்த மௌனத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

"விரிசல் எது வரைக்கும் ஏறியிருக்கு?" என்று கேட்டார் மனைவி.

"நாலு விரல்."

"அதுக்கு மேல நல்லாத்தானே இருக்கு? அறுத்துத் தள்ளுங்க."

"குட்டையாயிடும். மத்தவங்க வாளியைவிடத் தண்ணி கம்மியாத்தான் பிடிக்கும். அந்தம்மா ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டாலும் நீ அதிக நடை நடக்கணும்."

"நடக்கறேன். உடைஞ்சது கைதானே? கால் ரெண்டும் இத்தனை நாளா சும்மா உட்கார்ந்து தின்னுட்டு இருக்கு."

ஓட்டை அவரை நிமிர்ந்து பார்த்தார். பல வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் கிண்டல் அது.

எழுந்து ரம்பத்தை எடுத்தார். மச்சான் வாளியைப் பிடித்துக்கொள்ள, அடியில் சுற்றிவர நாலு விரல் உயரத்தை அறுத்துத் தள்ளினார். அறுத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, உட்புறம் புதுக் காடி இழுத்தார். அங்கே வாளி கொஞ்சம் அகலமாதலால் பழைய அடிப்பட்டை பத்தவில்லை. வேறு இரும்பை வெட்டி, வளைத்து, இரண்டு முனையும் சேர்த்து ஆணி அடித்தார்கள். கவராயம் மறுபடியும் ஆறு எட்டு நடந்தது. புது அடிப்பலகையின் இரண்டு பக்கத்தை அவர் சீவினபோது மச்சான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"பார்க்க முடியல மாப்ள. நல்ல வட்டத்தைக் கெடுக்கறீங்க."

"பிடிங்க ஒழுங்கா."

பட்டை இறுகியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஊறவைக்க நேரமில்லை. ஓட்டை அந்தக் குட்டை வாளியை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொன்னார். "ஒழுகும். வெந்நீர் பட்டா சீக்கிரம் உப்பிடும், ஆனா ஆரம்பத்துல ஒழுகும். எல்லாரும் பார்ப்பாங்க."

வாழ்க்கை முழுக்க ஒரு சொட்டுக்குப் பயந்தவர் அதைச் சொல்லி முடித்துவிட்டு வாளியை நீட்டினார்.

மனைவி வாளியை வாங்கிக் கோணல் கையால் தூக்கிப் பார்த்தார். "குளியல்கூடத்துத் தரை நனையுதுன்னு யாருங்க வந்து கேக்கப் போறா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

மச்சானுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மரத்தூள் என்றார்.

ஓட்டைக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பெண்கள் பக்கம் போக முடியாது. பின்பக்கம் கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே ஒரு துவாரம் வழியாகத்தான் வாளிகளில் வெந்நீர் பிடிப்பார்கள். வரிசையாக வாளிகள் வந்தன, எல்லாம் அவர் கைவேலை, கோட்டைச் சுவர்கள். நடுவில் ஒரு குட்டை.

"யோவ் ஓட்டை, இது என்ன, குழந்தை குளிக்கவா?" என்றார் நெருப்புக்காரர். "அட, ஒழுகுது! பேரைக் காப்பாத்திட்டய்யா!"

"ஆமாம்" என்றார் ஓட்டை.

"நெஜமாவே ஒழுகுது பாரு!"

"தெரியும். பிடிச்சு விடு."

உள்ளே மேற்பார்வை அம்மாவின் குரல் கேட்டது. "இது என்ன புது வாளி? குட்டையா இருக்கு."

"குட்டைதான்க்கா. ரெண்டு நடைக்கு மூணு நடை நடக்கறேன். தொட்டி நிறையறதை மட்டும் பாருங்க."

குட்டை வாளி மறுபடி வந்தது. போனது. திரும்பவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் துவாரத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற கோணல் கையை ஓட்டை பார்த்துக்கொண்டே இருந்தார். சுவர் கதகதப்பாக இருந்தது. சொட்டுச் சத்தம் குறைகிறதா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டவர், அது நின்ற நேரத்தைக் கேட்கவில்லை. தூங்கிவிட்டார்.

"எழுந்திருங்க. மூடிட்டாங்க."

கண்ணைத் திறந்தார். மனைவி நின்றிருந்தார். முகம் வெந்து சிவந்து, புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"இறக்கி வச்சியா?"

"வைக்கல."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"நாளைக்குக் கொஞ்சம் வேகமா நடன்னாங்க."

ஓட்டை அந்த வார்த்தைகளைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நாளைக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள். அவர்களை ஒரு ஆமை முந்திக்கொண்டு போயிருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். மனைவி பேச ஆரம்பித்திருந்தார். மாவுக்கடைக்காரர் மருமகள் தனியாக வந்தாளாம். மாமியார் வந்து பார்த்தாராம். பார்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா, இருந்த சோப்பை எடுத்து...

"ம்" என்றார் ஓட்டை.

"அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா?"

"ம்."

"கேக்கறீங்களா, இல்ல தூங்கிட்டே நடக்கறீங்களா? நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்?"

ஓட்டை யோசித்தார். சோப்பு என்று ஏதோ வந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஞாபகமில்லை.

"சரி, முதல்லேருந்து சொல்றேன்" என்றார் மனைவி. "மாவுக்கடைக்காரர் மருமக இருக்கால்ல..."